நீலச் சிலுவை

ஃபிதென்சியோ செத்துவிட்டான் என்பது அவனைப் பெற்றவளைத் தவிர ஊரில் எல்லோருக்கும் தெரியும். மக்காரியாவுக்குத் தெரியாது என்பதைவிட, தெரிந்துகொள்ள மாட்டேன் என்று அடம்பிடித்தாள் என்பதுதான் நியாயம். பிழைப்புக்காக அவனோடு வடக்கே எல்லை தாண்டப் போனவர்களில் ஒருவன் திரும்பி வந்து, தொப்பியைக் கையில் பிடித்தபடி, "பாலைவனத்துல ஒரு புதர் நிழல்ல உக்காந்தான். நீங்க போங்க, பின்னாலயே வர்றேன்னான். வரல" என்று சொல்லிவிட்டுப் போய் எட்டு வருஷம் ஆகிவிட்டது. மக்காரியா அவனுக்கு ஒரு சொம்பு கற்றாழைக் கள் கொடுத்து அனுப்பினாள். அவன் தலை மறைந்ததும் மருமகளைப் பார்த்துச் சொன்னாள்: "உக்காந்தான்னுதானே சொன்னான். செத்தான்னு சொல்லலியே."

அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டு எட்டு வருஷம் ஓட்டினாள் கிழவி. கூடவே மருமகள் தெல்ஃபீனாவும் ஓட வேண்டியிருந்தது. அவள் யாருக்கும் பெண்டாட்டியும் இல்லை, விதவையும் இல்லை.

எங்கள் பக்கத்தில் நவம்பர் பிறக்கும்போது செத்தவர்கள் வந்துவிடுவார்கள். ஆரஞ்சுப் பட்டாம்பூச்சிகள் மலை முகட்டைத் தாண்டி இறங்குவதைப் பார்த்ததும் வீட்டு வாசலிலிருந்து சிலுவை வீடு வரைக்கும் செண்டுமல்லியை உதிர்த்து வழி போட வேண்டும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் முற்றத்தில் இப்படி ஒரு சின்ன மண்சுவர்க் கோயில் உண்டு. அந்தக் குடும்பத்தில் செத்த ஒவ்வொருவருக்கும் உள்ளே ஒரு மரச்சிலுவை நிற்கும். ஆளுக்கு ஒரு தட்டு, பேர் சொல்லிக் கூப்பிட்டு வைக்க வேண்டும். மக்காரியாவின் மாமனார், மாமியார், புருஷன், தெல்ஃபீனா பெற்று மூன்றாம் மாதமே பறிகொடுத்த பெண் குழந்தை, எல்லோருக்கும் தட்டு உண்டு. ஃபிதென்சியோவுக்குக் கிடையாது. உயிரோடு இருக்கிறவனுக்குத் தட்டு வைப்பது அவனைச் சாவுக்குக் கூப்பிடுவது. அப்படித் தெரியாமல் வைத்த வீடுகளில் என்ன நடந்தது என்று சொல்ல மக்காரியாவிடம் நாலைந்து கதைகள் இருந்தன. வருஷத்துக்கு வருஷம் அந்தக் கதைகளில் சாகிறவர்கள் கூடிக்கொண்டே போனார்கள்.

தெல்ஃபீனாதான் அந்த வீட்டுக்கு ஆம்பிளை, பொம்பளை, கழுதை மூன்றும். சோளக்காட்டில் களை எடுப்பது, ஆடு பார்ப்பது, தண்ணீர் தூக்குவது எல்லாம் அவள். அவர்கள் காட்டின் ஓரமாகவே ஒரு பெரிய குழாய் போகிறது. எங்கள் மலைத் தண்ணீரைத் தலைநகரத்துக்குக் கொண்டுபோகிற குழாய். காதை வைத்தால் உள்ளே தண்ணீர் ஓடுவது கேட்கும். கேட்கத்தான் முடியும். குடிக்க வேண்டுமானால் பள்ளத்தில் இறங்கி ஊற்றுக்குப் போய், இரண்டு பிளாஸ்டிக் கேனில் மொண்டு, தோளில் கட்டித் தூக்கிக்கொண்டு மேலே ஏறி வர வேண்டும்.

காட்டில் வேலை இல்லாத வாரங்களில் அவள் தலைநகரத்துக்குப் போய் நடைபாதையில் உட்கார்ந்து, சப்பாத்திக்கள்ளி மடலை முள் சீவி விற்பாள். அங்கே அவளுக்குப் பேர் மரியா. அடுக்குப் பாவாடையும் இடுப்புக் கச்சையும் கட்டிய எங்கள் பெண்கள் எல்லோருக்கும் அந்த ஊரில் ஒரே பேர்தான். மரியா, என்ன விலை? மரியா, தள்ளி உக்காரு. பேர் கேட்கக்கூட வாய் வலிக்கும் அந்த ஊர்க்காரர்களுக்கு.

தலைநகரத்துக்குப் போகிற பஸ்ஸில்தான் நிக்கனோர் பழக்கமானான். கொத்தனார். மனைவியைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவன். திங்கள் போய் சனிக்கிழமை திரும்புவான். மற்ற ஆண்கள் டவுனைத் தாண்டியதும் ஸ்பானிய மொழிக்கு மாறிவிடுவார்கள். எங்கள் பாஷை பேசினால் பக்கத்து சீட்டுக்காரன் மூக்கைச் சுளிப்பானாம். நிக்கனோர் மட்டும் தலைநகரம் வரைக்கும் எங்கள் பாஷையிலேயே சத்தமாகப் பேசிக்கொண்டு வருவான்.

"தெல்ஃபீனா, அடுத்த தடவை அந்த ரெண்டு கேனையும் எடுத்துட்டு வா" என்றான் ஒருநாள்.

"எதுக்கு?"

"நான் கட்டுற வீட்டுல கக்கூசுக்கெல்லாம் நம்ம ஊத்துத் தண்ணிதான் வருது. பிடிச்சிட்டுப் போயிடலாம். மேடு ஏற வேண்டாம்."

தெல்ஃபீனா சிரித்துவிட்டாள். பஸ்ஸில் நாலு பேர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள். அதற்கு முன்னால் எப்போது சிரித்தோம் என்று யோசித்துப் பார்த்தாள், ஞாபகம் வரவில்லை.

ஒரு வருஷம் இப்படியே போனது. நிக்கனோர் தன் இடத்தில் கல் வைத்துப் புதிதாக ஒரு அறை எழுப்பிக்கொண்டிருந்தான். ஜன்னலுக்கு என்ன கலர் என்று கேட்டான், நீலம் என்றாள். அடுத்த சனிக்கிழமை பெயிண்ட் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தான், முகமெல்லாம் பல்லாக.

"எப்ப வர்றே?" என்றான்.

"எப்படி வர? அவரு செத்தாருன்னு அத்தை ஒத்துக்கல. சிலுவை நிக்கல. இப்பவே வந்தா ஓடிப்போனவன்னு சொல்லுவாங்க. நாளைக்கு நான் செத்தா எனக்கு ஒரு தட்டு வெக்கக்கூட ஆள் இருக்காது."

"அப்ப சிலுவையை நட வை. நின்ன மறுவாரமே நான் வந்து முறையா கேக்குறேன். பாதிரியாரும் மாட்டேன்னு சொல்ல முடியாது."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் ஜன்னலைச் சாத்தி வெக்கிறேன்."

அக்டோபரில் முதல் பட்டாம்பூச்சி வந்து முற்றத்துச் சோளத்தட்டையில் உட்கார்ந்தது. மாமியாரும் மருமகளும் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார்கள்.

"அத்தை, ஒண்ணு கேக்கவா?"

"கேக்காதன்னா விடப்போறியா?"

"எட்டு வருஷமா உங்க மகன் எல்லாரோடயும் சேர்ந்துதான் வர்றாரு. மாமா உள்ள போறாரு, பாப்பா உள்ள போறா, அவங்கவங்க தட்டுல உக்காந்து சாப்பிடறாங்க. இவரு மட்டும் வாசல்ல நிக்கிறாரு. பேரு சொல்லிக் கூப்பிட ஆளில்ல. பக்கத்து வீட்டு வாசல்ல போய், அவங்க ஆளுங்க தின்னது போக மிச்சம் மீதி கிடைக்குமான்னு பிச்சைக்காரன் மாதிரி நிக்கிறாரு. சொந்த வீடு இங்க இருக்கு, பெத்த தாயி இங்க இருக்கீங்க."

மக்காரியாவின் கை நின்றது. "வாய மூடுடி."

தெல்ஃபீனா மூடவில்லை. "தாகத்துல செத்தவரு, அத்தை. ஒரு டம்ளர் தண்ணி வெக்கல நீங்க."

அவள் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அவன் வாசலில் நிற்கிறான் என்று அவள் உண்மையிலேயே நம்பினாள், அதை நினைத்துச் சில வருஷம் அழுதும் இருக்கிறாள். ஆனால் ஊற்றிலிருந்து மேடேறும்போதெல்லாம், எந்த இடத்தில் குத்தினால் கிழவி விழுவாள் என்று பார்த்துப் பார்த்து அந்தச் சொற்களைக் கூர் தீட்டியதும் அவள்தான். மக்காரியாவின் முகம் இடிந்து போனதைப் பார்த்தபோது அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. இருந்தாலும் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

கிழவி எழுந்து சிலுவை வீட்டுக்குள் போனாள். சாப்பிடக் கூப்பிட்டாலும் வரவில்லை. அந்த வாரம் முழுக்க மருமகளிடம் பேச்சில்லை. ஞாயிற்றுக்கிழமை தலைசீவி, கச்சையை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"சரி. அவன் சட்டையைப் புதைப்போம். ஒம்போது நாள் ஜெபம், அப்புறம் சிலுவை. ஊருல எல்லாருக்கும் செய்யற மாதிரி செய்வோம்."

தெல்ஃபீனா உடனே சொன்னாள்: "சரிங்க அத்தை."

"சிலுவை தூக்குறவன் யாருன்னு நான்தான் பாப்பேன். நீ அதுல தலையிடாத."

"உங்க தம்பியக் கேக்கலாமே?"

"தம்பி ஏற்கெனவே ரத்தம். சொந்தத்தையே திரும்பச் சொந்தமாக்கி என்ன லாபம்? வெளி ஆளாத்தான் இருக்கணும்."

அதுவும் நியாயமான பேச்சுதான். செத்தவனுக்குச் சிலுவை செய்து கொண்டுவந்து நடுகிறவன் அன்றிலிருந்து அந்த வீட்டுக்கு உறவு. அந்த வீட்டுப் பெண்களை அவன் கொமாத்ரே என்பான், அவர்கள் அவனை கொம்பாத்ரே என்பார்கள். கூடப்பிறந்தவர்கள் அடித்துக்கொள்ளலாம், வாடா போடா என்று ஏசிக்கொள்ளலாம். இந்த உறவில் அதெல்லாம் நடக்காது. கேலி கிடையாது, ஒருமையில் பேச்சு கிடையாது, கல்யாணம் கிடையவே கிடையாது, சாகும்வரை மரியாதைதான். கேட்டு வந்தவர்களை முடியாது என்று அனுப்பவும் கூடாது, அனுப்பினால் செத்தவனையே வாசலிலிருந்து விரட்டிய மாதிரி. ஒரே ஒரு ஜோடி இந்த உறவுக்குள் கூடி வாழ்ந்தது மேல் ஊரில். அவர்கள் வீட்டுக் கிணற்றில் யாரும் தண்ணீர் எடுக்கவில்லை, அவர்கள் பிணத்தைத் தூக்கவும் ஆள் வரவில்லை.

இதெல்லாம் தெல்ஃபீனாவுக்குத் தெரியாததா? தெரியும். ஆனால் அன்றைக்கு அவள் மனசு நீல ஜன்னலில் இருந்தது. யாரை வேண்டுமானாலும் பாருங்கள், சிலுவை நின்றால் போதும் என்று இருந்தாள்.

சனிக்கிழமை சாயங்காலம் மக்காரியா ஒரு கூடையில் ரொட்டி அடுக்கி, கள் குடத்தை அதன்மேல் வைத்து, பூத்துணியால் மூடினாள். "தூக்கு. விதவை கையாலதான் கொண்டு போகணும்."

விதவை என்ற சொல் தெல்ஃபீனாவின் காதில் தேனாக விழுந்தது. கூடையைத் தூக்கிக்கொண்டு மாமியார் பின்னால் நடந்தாள். ஜெபம் சொல்கிற பெரியவர் வீடாக இருக்கும் என்று நினைத்தாள். அந்த வீட்டைக் கடந்தார்கள். ஆட்டு வியாபாரி வீட்டைக் கடந்தார்கள். பள்ளிக்கூடத்தை ஒட்டி இறங்குகிற பாதையில் மக்காரியா திரும்பியபோது தெல்ஃபீனா பின்தங்கினாள். அந்தப் பாதையில் ஒரே ஒரு வீடுதான்.

"அத்தை, இங்க எதுக்கு?"

"நட."

"அத்தை, வேண்டாம். வேற யாரையாவது…"

மக்காரியா நின்றாள். திரும்பி, சாந்தமாகவே கேட்டாள்: "ஏன்? இவனுக்கு என்ன குறைச்சல்? என்கிட்ட சொல்ற மாதிரி ஏதாச்சும் காரணம் இருந்தா சொல்லு, திரும்பிடலாம்."

தெல்ஃபீனா வாயைத் திறந்தாள். சொல்ல வேண்டியது நாக்கு நுனி வரை வந்தது. அதைச் சொன்னால், வாசலில் பசியோடு நின்ற ஃபிதென்சியோ, ஒரு டம்ளர் தண்ணீர், எல்லாமே இன்னொருத்தன் வீட்டுக்குப் போக அவள் போட்ட பாலம் என்று ஆகிவிடும். அவள் வாயை மூடிக்கொண்டாள். கிழவி நடந்தாள்.

நிக்கனோர் வாசலில் சாந்து குழைத்துக்கொண்டிருந்தான். இவர்களைப் பார்த்ததும் எழுந்தான். அவன் முகம் மலர்ந்ததைத் தெல்ஃபீனா பார்த்தாள். பாவி, கிழவியே சம்மதம் சொல்ல வந்துவிட்டாள் என்று நினைத்துவிட்டான். மக்காரியா அவன் முன்னால் மண்டியிட்டாள். கூடையோடு தெல்ஃபீனாவும் மண்டியிட வேண்டியிருந்தது.

"நிக்கனோர், எம் மகனுக்குச் சிலுவை நீதான் தூக்கணும்" என்றாள் மக்காரியா.

அவன் சாந்துக் கரண்டியைக் கீழே போட்டான். "பெரியம்மா, எந்திரிங்க. என்னவிடப் பெரியவங்க எத்தனை பேரு இருக்காங்க."

"இருக்காங்க. ஆனா அவனோட ஒண்ணா சாந்து கொழச்சவன் நீ. போன வாரம் கனவுல வந்தான். எட்டு வருஷத்துல முதல் தடவையா வந்தான். உன் பேரைத்தான் சொன்னான். நான் என்ன பண்ண?"

நிக்கனோர் தெல்ஃபீனாவைப் பார்த்தான். ஏதாவது சொல் என்று கெஞ்சுகிற பார்வை. அவளும் அவனைப் பார்த்தாள், நீ சொல் என்று. முடியாது பெரியம்மா என்று ஒரு சொல் போதும். ஊர் காறித் துப்பும், துப்பட்டும், துப்பினால் துடைத்துக்கொள்ளலாம். பக்கத்துக் கொட்டகையில் கோழி ஒன்று விடாமல் கத்திக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் மற்றவர் பேசட்டும் என்று காத்திருந்தார்கள், மக்காரியா மண்டியிட்டபடி இருவருக்கும் நடுவில் காத்திருந்தாள். கடைசியில் நிக்கனோர் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, குனிந்து, தெல்ஃபீனாவின் கையிலிருந்து கூடையை வாங்கிக்கொண்டான்.

ரொட்டியை வாங்கினால் முடிந்தது. அதற்கு மேல் பேச்சில்லை.

திரும்பி வரும்போது தெல்ஃபீனா நடுப்பாதையில் நின்றுவிட்டாள். "உங்களுக்குத் தெரியும்."

"எதுடி?"

"தெரிஞ்சேதான் செஞ்சீங்க."

"ஒரே சீட்டுல உக்காந்து வர்றதும் தெரியும், நீலப் பெயிண்டும் தெரியும். இந்த ஊருல எதுதான் தெரியாது?" மக்காரியா மூச்சு வாங்கப் பாறைமேல் உட்கார்ந்தாள். "எம் மகனுக்குச் சிலுவை கேட்ட. குடுத்துட்டேன். தட்டு கேட்ட, வெக்கிறேன். தண்ணி கேட்ட, அதுவும் வெக்கிறேன். இதுக்கு மேல நீ எதுவும் கேக்கலியே."

"கனவெல்லாம் பொய். அவரு ஒண்ணும் வரல உங்க கனவுல."

"வாசல்ல நின்னான்னியே, நீ பாத்தியா?"

நீ போய்விட்டால் எனக்கு யாருடி இருக்கிறார்கள் என்று அந்தப் பாறைமேல் உட்கார்ந்து கிழவி ஒரு தரம் சொல்லியிருந்தால், தெல்ஃபீனா அவளை மன்னித்திருப்பாளோ என்னவோ. கிழவி சொல்லவில்லை. பெருமைக்காரி. கையை நீட்டினாள், தெல்ஃபீனா பிடித்துத் தூக்கிவிட்டாள், பழக்க தோஷம்.

சட்டையைப் புதைத்த பிறகு, ஜெப நாட்களுக்கு நடுவில் ஒரு காலையில் ஊற்றுப் பாதையில் நிக்கனோர் காத்திருந்தான். கண் சிவந்திருந்தது.

"நான் என்ன பண்ணட்டும் தெல்ஃபீனா? செத்தவன் பேரைச் சொல்லிக் கேட்டாங்க."

"முடியாதுன்னிருக்கலாம்."

"நீயும்தான் ஒரு வார்த்தை சொல்லல."

"நான் மண்டி போட்டிருந்தேன். நீங்க நின்னுட்டிருந்தீங்க."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு, "எங்கயாச்சும் போயிடலாமா? தலைநகரத்துல யாருக்குத் தெரியப்போவுது?" என்று கேட்டான், வேண்டாம் என்று சொல்லிவிட மாட்டாளா என்கிற குரலில். அந்தக் குரல்தான் அவளை முடித்துவிட்டது. கேன்களை எடுத்துக்கொண்டு மேடேறினாள். அவனை அவள் வெறுத்தாள். தன்னையும் கிழவியையும்கூட வெறுத்தாள், ஆனால் அவனை வெறுத்த மாதிரி இல்லை.

ஒன்பதாம் நாள் சிலுவை வந்தது. சிலுவை வீட்டுத் தரையில் ஜெபத்துக்காகச் சுண்ணாம்பால் போட்டிருந்த சிலுவையை நிக்கனோர் தலைப்பக்கத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி அள்ளினான். பிறகு துணியைப் பிரித்து, கொண்டுவந்த மரச்சிலுவையை மக்காரியாவின் புருஷன் சிலுவைக்கும் குழந்தையின் சின்னச் சிலுவைக்கும் நடுவில் நிறுத்தினான். நல்ல வேலை. இழைத்து, மூலை தேய்த்து, ஃபிதென்சியோவின் பேரை வெள்ளையில் எழுதியிருந்தான். சிலுவை முழுக்க நீலம். அந்த நீலத்தைத் தெல்ஃபீனா பஸ்ஸில் டப்பா மூடியைத் திறந்து பார்த்திருக்கிறாள். அவளே பொறுக்கிய நீலம்.

மக்காரியா அந்தச் சிலுவையைக் கட்டிப்பிடித்துக் கதறினாள். எட்டு வருஷம் அடக்கி வைத்த அழுகை. அதில் வேஷம் துளியும் இல்லை. ஊரே அழுதது.

பிறகு முறைப்படி நிக்கனோர் வீட்டுப் பெண்களிடம் வந்தான். கிழவியின் கையை முத்தமிட்டான். தெல்ஃபீனாவின் முன்னால் வந்து நின்று, தொப்பியைக் கழற்றி, தரையைப் பார்த்தபடி சொன்னான்: "கொமாத்ரே, ஆண்டவன் உங்களுக்கு ஆறுதல் குடுக்கட்டும்."

உங்களுக்கு. ஒரு வருஷமாக நீ நீ என்ற வாய்.

"உங்களுக்கும், கொம்பாத்ரே" என்றாள் அவள்.

செத்தவர்கள் வருகிற நாள் அடுத்த வாரமே வந்தது. தெல்ஃபீனா வான்கோழி அடித்து மோலே குழம்பு வைத்தாள், சோள ரொட்டி சுட்டாள், பூவை உதிர்த்து வழி போட்டாள். மக்காரியா ஒவ்வொரு பேராகச் சொல்லித் தட்டு வைத்தாள். "ஃபிதென்சியோ, வாடா தங்கம், வா" என்று சொல்லும்போது குரல் உடைந்தது. அவன் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு டம்ளர் இல்லை, ஒரு குடம் நிறையத் தண்ணீர் வைத்தாள். கொம்பாத்ரே மெழுகுவர்த்தியோடு வந்தான், முதல் கிண்ணம் அவனுக்குத்தான். தெல்ஃபீனா பரிமாறினாள். குழம்பு ரொம்ப நல்லா இருக்கு கொமாத்ரே என்றான். வருஷா வருஷம் வருவான், சாகிறவரைக்கும் வருவான், இதையே சொல்வான்.

அவன் போன பிறகு தெல்ஃபீனா அடுப்படிக்குப் போய் இன்னொரு தட்டில் சோறு, கறி, குழம்பு எல்லாம் நிறைய வைத்து எடுத்து வந்தாள். நீலச் சிலுவைக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கி வைத்து, ஒரு மெழுகுவர்த்தியும் ஏற்றினாள்.

மக்காரியா தட்டுகளை எண்ணிப் பார்த்தாள். "யாருக்கு இது? எல்லாருக்கும்தான் வெச்சாச்சே."

"எனக்கு" என்றாள் தெல்ஃபீனா. "பேரு சொல்லிக் கூப்பிடுங்க அத்தை."

ஒரு கணம் கிழவி நிஜமாகவே பயந்து போனாள். பிறகு குனிந்து, மெழுகுவர்த்தியை விரலால் நசுக்கி அணைத்தாள். தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய், குழம்பை ஒரு சொட்டு சிந்தாமல் சட்டியிலேயே திரும்ப ஊற்றினாள்.

"செத்தவளால தண்ணி தூக்க முடியாது" என்றாள். "எந்திரி. கேன் ரெண்டும் காலியா இருக்கு."

தெல்ஃபீனா எழுந்து கேன்களைத் தோளில் கட்டிக்கொண்டு, பூப்போட்ட வழியை மிதிக்காமல் ஓரமாக நடந்து, குழாயைத் தாண்டிப் பள்ளத்தில் இறங்கினாள்.